கூண்டில் இருவாச்சி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பூங்காவில் இருவாச்சி (ஹார்ன்பில்) என்ற பறவையின் கூண்டின் முன் நிற்பவர்கள் கேட்பது ஒரு வகை. பறவைப் பிரிவுக்குப் புதிதாக வந்த கீப்பர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கேட்பது இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்து, எளிய சந்தேகத்திலிருந்து சிக்கலானது வரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகள் இருக்கின்றன. மலை இருவாச்சி என்று சொல்லப்படும் பெரிய இருவாச்சியை வைத்தே பெரும்பாலான பதில்கள் அமைந்துள்ளன. வேறு இனமானால் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

1. இதுவும் டூக்கானும் ஒண்ணுதானே? படத்துல ஒரே மாதிரி இருக்கே.

இல்லை. டூக்கான் மத்திய, தென் அமெரிக்காவின் பறவை, மரங்கொத்திக்கு உறவு. இருவாச்சிகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நியூகினி, சாலமன் தீவுகளிலும் மட்டும் உண்டு. உலகில் அறுபது இனங்களுக்கு மேல், இந்தியாவில் 9, தமிழ்நாட்டில் 4: பெரிய இருவாச்சி, மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி, சமவெளியிலும் தென்படும் சாம்பல் இருவாச்சி. கிளை நுனியில் இருக்கும் பழத்தை எட்டிப் பறிக்க இரண்டுக்கும் நீண்ட அலகு தேவைப்பட்டது, அவ்வளவுதான் ஒற்றுமை. கூண்டில் மட்டும் இரண்டுக்கும் ஒரே தலைவலி உண்டு. அது 8ஆம் கேள்வியில் வருகிறது.

2. தலைக்கு மேல இருக்கிறது ரெண்டாவது வாயா? அதனாலதான் இருவாச்சியா?

இரு வாய் இருப்பதுபோலத் தெரிவதால் வந்த பெயர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது வாய் இல்லை. மேல் அலகின் மீது எழும்பிய தொப்பி. வெளியே நகம் போன்ற கெரட்டின் ஓடு, உள்ளே வலைபோன்ற மெல்லிய எலும்பும் காற்றும். பார்க்கப் பாரமாகத் தெரிந்தாலும் எடை குறைவு. குஞ்சு பொரியும்போது தொப்பி கிடையாது. முழு வடிவம் வர ஐந்து ஆண்டுகள் வரை ஆகும். இவ்வளவு பெரிய அலகைத் தாங்குவதற்காகக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளும் ஒன்றாக இணைந்திருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சுமத்ரா, போர்னியோ, மலாய்த் தீபகற்பக் காடுகளில் வாழும் ஹெல்மெட் இருவாச்சியின் தொப்பி முன்பக்கம் தந்தம்போல் கெட்டியானது. மண்டையோடும் தொப்பியும் சேர்ந்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரும். அந்தக் கெட்டித் தொப்பிதான் அதற்கு எமன். செதுக்கு வேலைக்காக வேட்டையாடப்பட்டு, 2015இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

3. ஆண் எது, பெண் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணைப் பாருங்கள். ஆணுக்குக் கருவிழி வளையம் சிவப்பு, சுற்றியுள்ள தோல் கருப்பு. பெண்ணுக்கு வளையம் வெள்ளை, சுற்றியுள்ள தோல் சிவப்பு. ஆணின் தொப்பியில் முன்னும் பின்னும் கருமை இருக்கும். பெண்ணுக்கு அது இல்லை. ஆண் சற்றுப் பெரியது, சுமார் 3 கிலோ. குஞ்சுகளில் இந்த அடையாளங்களை நம்ப வேண்டாம். ஓர் இறகையோ ஒரு துளி ரத்தத்தையோ டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினால் சந்தேகமே இருக்காது.

4. லட்சக்கணக்குல விற்கிறாங்களாமே, வீட்ல வளர்க்கலாமா?

கூடாது. பெரிய இருவாச்சி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, வாங்குவது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். தண்டனை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை, ஏழு ஆண்டுகள் வரை போகலாம். காயம்பட்ட பறவை கிடைத்தாலும் வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். உயிரியல் பூங்காக்களேகூட மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இதை வைத்திருக்க முடியாது.

“வெளிநாட்டு இனம் என்றால் பரவாயில்லையே” என்பார்கள். மலேசியாவின் காண்டாமிருக இருவாச்சி போன்றவை சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படிப்பட்ட உயிரினம் கையில் இருந்தால் அதைப் பதிவு செய்வதும், பிறப்பு இறப்பைத் தெரிவிப்பதும் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், கீழே வரும் கூண்டின் அளவைப் படித்த பிறகு வீட்டு ஆசை தானாகவே போய்விடும்.

5. எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?

நல்ல பராமரிப்பில் நாற்பது ஆண்டுகளைத் தாண்டும்; ஐம்பதை எட்டுவதும் உண்டு. வயதால் சாவதைவிட, வயிற்றுக்குள் போகக் கூடாதது போய்ச் செத்த இருவாச்சிகளின் கதைகள் அதிகம். மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அலுவலகத்தில் 1894 முதல் 26 ஆண்டுகள் கூண்டில் இருந்த வில்லியம் என்ற பெரிய இருவாச்சி இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அந்தச் சங்கத்தின் சின்னமே அதன் உருவம்தான். எரியும் சுருட்டையே விழுங்கிவிட்டுத் தப்பித்த அந்தப் பறவை, 1920இல் ஒரு கம்பித் துண்டை விழுங்கி இறந்துபோனது.

இருவாச்சியின் நாக்கு குட்டை. அலகு நுனியில் பிடித்ததை மேலே தூக்கிப்போட்டு நேராகத் தொண்டையில் வாங்கிக்கொள்ளும். மென்று பார்த்துத் துப்பும் பழக்கம் கிடையாது. எனவே கூண்டில் வெல்டிங் வேலை நடந்தால், முடிந்ததும் தரையில் காந்தத்தை இழுத்து ஆணி, கம்பி, கட்டுக்கம்பித் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பார்வையாளர் வீசும் நாணயம், தலைக் கிளிப், மிட்டாய்த் தாள் ஆகியவையும் இதே கணக்கில்தான் வரும். திடீரென்று சாப்பாட்டை விட்டால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

6. ஒரு ஜோடிக்கு எவ்வளவு பெரிய கூண்டு வேணும்?

நீளம் 12 மீட்டர், அகலம் 5, உயரம் 5 என்பதைக் குறைந்த அளவாக வையுங்கள். உயரத்தைவிட நீளம் முக்கியம். சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும் பறவை நான்கைந்து முறையாவது சிறகடித்துப் பறந்தால்தான் உடம்பு கட்டுக்குள் இருக்கும். உட்காரும் கிளைகளை இரு கோடியிலும் மட்டும் வைத்து, நடுவைக் காலியாக விடுங்கள். நடுவில் நாலு கிளை கட்டினால் பறவை குதித்துக் குதித்தே போய்விடும், பறக்காது. கிளைகள் 5 முதல் 10 செ.மீ. வரை வெவ்வேறு கனத்தில், பட்டையோடு இருக்கட்டும். ஒரே கனத்தில் வழவழப்பான பிவிசி குழாய் வைத்தால் ஒரு வருடத்தில் உள்ளங்காலில் கொப்புளம் வந்து சீழ் பிடிக்கும்.

வலைக்கு 3 மி.மீ. கம்பி, 25 மி.மீ. கண் கொண்ட வெல்டு மெஷ். கோழிக்கூண்டு வலையை அலகாலேயே பிரித்துவிடும். அடியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மி.மீ. வலையைக் கூடுதலாக அடித்து, 30 செ.மீ. மண்ணுக்குள் புதையுங்கள். பாம்புக்காக அல்ல, எலிக்காக. காரணம் 11ஆம் கேள்வியில் இருக்கிறது. சிறு பாம்பு உள்ளே வந்தால் இருவாச்சியே அதைச் சாப்பிட்டுவிடும். புது கால்வனைஸ் வலையில் துத்தநாகப் பிசிறு ஒட்டியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, வினிகர் கலந்த நீரால் கழுவிய பிறகே பறவையை விட வேண்டும். வாசலுக்கு இரட்டைக் கதவு கட்டாயம்.

7. தினமும் என்னென்ன, எவ்வளவு போடணும்?

3 கிலோ எடையுள்ள பறவைக்குத் தொடக்க அளவாகப் பழம் 600 கிராம், இரும்பு குறைந்த பழந்தின்னிப் பறவைத் தீவனம் 30 கிராம், உயிர் உணவு 30 முதல் 35 கிராம். தீவனத்தை நீரில் ஊறவைத்தே கொடுங்கள். பப்பாளி, வாழை, ஆப்பிள், தர்பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளி ஆகியவற்றில் மூன்றோ நான்கோ தினமும் மாறி மாறி இருக்கட்டும். அத்தி, ஆல், அரசம் பழம் கிடைக்கும் காலத்தில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. காட்டில் இதன் சாப்பாட்டில் பெரும்பங்கு அத்தி வகைதான். 2 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் போதும். குழைத்துக் கூழாக்கிவிடாதீர்கள், அலகுக்கு வேலை வேண்டும்.

காலையில் ஒரு பங்கு, பிற்பகலில் ஒரு பங்கு. வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழத்தை விட்டுவைத்தால் புளித்துவிடும். உயிர் உணவு என்றால் மாவுப்புழு, வெட்டுக்கிளி, சிள்வண்டு. மாவுப்புழுவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதால் கால்சியம் கார்பனேட் தூளைத் தூவிக் கொடுக்கவும். வாரம் ஒருமுறை எடை பார்த்து அளவை மாற்றுங்கள். உட்காரும் கிளையைத் தராசின் மேல் பொருத்தி, அதில் வந்து உட்கார்ந்தால் ஒரு அத்திப்பழம் என்று பழக்கினால், பறவையைப் பிடிக்காமலே எடை தெரிந்துவிடும்.

8. நாய் பிஸ்கட், திராட்சை, ஈரல் எல்லாம் சத்துதானே? ஏன் போடக்கூடாதுங்கறீங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். கூண்டில் இருவாச்சி, டூக்கான், மலைமைனா, சொர்க்கப் பறவை போன்றவற்றை அமைதியாகக் கொல்வது இரும்புச் சத்து. காட்டுப் பழங்களில் இரும்பு குறைவு. இருப்பதையும் பழத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் கட்டிப்போட்டுவிடும். அதனால் இந்தப் பறவைகளின் குடல், கிடைக்கிற இரும்பையெல்லாம் இழுத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. போதும் என்று கதவை மூடத் தெரியாது. கூடுதல் இரும்பை வெளியேற்றும் வழியும் உடம்பில் இல்லை. எல்லாம் ஈரலில் போய்ப் படியும். ஈரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கும்போதுதான் வெளியே தெரியும். பல பறவைகள் அதற்கும் முன்பே, முந்தின நாள் வரை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, காலையில் கூண்டுத் தரையில் கிடக்கும்.

மொத்த உணவில், ஈரம் நீக்கிய எடையில் கிலோவுக்கு 100 மி.கி. இரும்பைத் தாண்டவே கூடாது; 50க்குக் கீழே வைத்தால் நல்லது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 கிராம் பழத்தில் தண்ணீர் போக 90 கிராம் மிஞ்சும். அதில் இரும்பு ஏறக்குறைய 1.8 மி.கி. கிலோவுக்கு 60 மி.கி. இரும்புள்ள தீவனம் 30 கிராம் என்றால் இன்னொரு 1.8. இரண்டும் சேர்ந்து 120 கிராமுக்கு 3.6 மி.கி., அதாவது கிலோவுக்கு 30. இப்போது தீவனத்துக்குப் பதில் கிலோவுக்கு 250 மி.கி. இரும்புள்ள நாய் பிஸ்கட்டை அதே 30 கிராம் போடுங்கள். கணக்கு 75ஐத் தாண்டிவிடும். மாற்றியது ஒரு கைப்பிடிதான். தீவன மூட்டையில் இரும்பின் அளவு அச்சிடப்படவில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.

ஈரல், மாட்டிறைச்சி, முட்டை மஞ்சள் கரு, உலர்திராட்சை, கீரை, இரும்பு சேர்த்த குழந்தை உணவு, இவை எல்லாமே வேண்டாம். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: தண்ணீர். ஆழ்குழாய் நீர் தொட்டியில் செந்நிறக் கறை விட்டால் அதில் இரும்பு அதிகம். அந்த நீரைக் குடிக்கவும் வைக்காதீர்கள், தீவனம் ஊறவைக்கவும் எடுக்காதீர்கள்.

9. ஆரஞ்சு கூடாதுன்னு சொல்லிட்டு பப்பாளி போடறீங்களே, அதுலயும் வைட்டமின் சி இருக்குல்ல?

சரியான கேள்வி. வைட்டமின் சி இரும்பைக் குடல் உறிஞ்சுவதைக் கூட்டும்; அதனால்தான் ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை கூடாது என்ற விதி வந்தது. ஆனால் நூறு கிராம் ஆரஞ்சில் ஐம்பது மி.கி. சொச்சம் என்றால் பப்பாளியில் அறுபது. கொய்யாவில் இருநூறைத் தாண்டும். விதியை எழுத்துப்படி பார்த்தால் பப்பாளியும் போகத்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டியது, வைட்டமின் சியும் இரும்பும் ஒரே வேளையில் வயிற்றில் சந்திக்கின்றனவா என்பதுதான். பப்பாளியில் இரும்பு மிகக் குறைவு, அதனால் தனியாகச் சாப்பிட்டால் தீங்கில்லை. தீவனத்தோடும் உயிர் உணவோடும் கலந்து ஒரே தட்டில் வைக்கும்போதுதான் சிக்கல். எனவே காலையில் பப்பாளியும் மற்ற பழங்களும். பிற்பகலில் வாழை, ஆப்பிள் போன்ற வைட்டமின் சி குறைந்த பழத்தோடு தீவனமும் புழுவும். கொய்யாவை மட்டும் விட்டுவிடுங்கள்.

10. டீத்தண்ணி வச்சா இரும்பு குறையுமாமே? ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்துக்கலாமா?

கறுப்புத் தேயிலையின் டானின் இரும்பைக் கட்டும் என்பது உண்மை. மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளில் பலனும் தெரிந்தது. ஆனால் இருவாச்சி பழத்திலிருந்தே நீரை எடுத்துக்கொள்கிற பறவை. கிண்ணத்தில் வைத்த டீயை எவ்வளவு குடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. டீயை நம்பி நாய் பிஸ்கட்டைத் தொடர்வது, குடை இருக்கிறது என்று ஓட்டைக் கூரையை விட்டுவைப்பது மாதிரி.

ரத்தத்திலுள்ள இரும்பின் அளவு பறவைகளில் ஈரலின் நிலையைச் சரியாகக் காட்டாது. நிச்சயமாகத் தெரிய ஈரலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஈரல் பெரிதாகத் தெரிந்தால் அது எச்சரிக்கை. சிகிச்சை, வாரம் ஒருமுறை உடல் எடையில் 1 சதவீதம் ரத்தம் எடுப்பது. 3 கிலோ பறவைக்கு அது 30 மி.லி. கூடவே, இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெராக்சமின் ஊசியும் உண்டு. இரண்டையும் பறவை மருத்துவத்தில் பழகியவர் மட்டும், ஒவ்வொரு முறையும் ரத்த அடர்த்தியைப் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

11. காட்டுல எலி, ஓணான் எல்லாம் பிடிச்சுத் தின்னுதே, கூண்டுல கொடுத்தா என்ன?

காட்டில் எப்போதாவது ஒன்று கிடைக்கும். கூண்டில் நீங்கள் தினமும் வைப்பீர்கள், அதுதான் வித்தியாசம். எலிக்குஞ்சின் உலர் எடையில் இரும்பு கிலோவுக்கு 100 மி.கி.யைத் தாண்டும். சாதாரண நாட்களில் வாரம் ஒன்றிரண்டு. குஞ்சு வளரும் காலத்தில் அதிகம் கொடுத்து, குஞ்சு பறந்ததும் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

வெளியிலிருந்து வரும் எலி வேறு கதை. அதன் எச்சத்தால் பரவும் யெர்சினியா என்ற கிருமி இருவாச்சிக்கும் டூக்கானுக்கும் மிக ஆபத்தானது. எலி மருந்து வைத்துத் தீர்க்கவும் முடியாது, மயங்கிய எலியை இருவாச்சி விழுங்கிவிடும். வலை, புதைத்த தடுப்பு, மாலையில் மிச்சத் தீனியை எடுத்துவிடுவது, இவைதான் வழி.

12. கூடவே புறா, மயில், காதல் பறவை விடலாமா?

காதல் பறவை அதற்கு ஒரு வாய். புறாக்குஞ்சும் முட்டையும் அப்படியே. தரையில் நடமாடும் பெரிய பறவைகளோடு சில இடங்களில் வைக்கிறார்கள், அதுவும் கூடு கட்டும் காலம் வந்தால் ஒத்துவராது. தனியாக வைப்பதே நிம்மதி.

13. கழுத்து மஞ்சள் வெளுத்துப் போச்சு. நோயா?

அந்த மஞ்சள் பூச்சு வேலைதான், பிறவி நிறம் இல்லை. வால் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, கழுத்து, சிறகின் வெள்ளைப் பட்டை, தொப்பி என்று பறவையே பூசிக்கொள்ளும். இறகு உதிர்த்துப் புது இறகு முளைத்த சமயத்திலும், நல்ல மழைக்குப் பிறகும் வெளுப்பாகத் தெரிவது இயல்பு. வாரக்கணக்கில் வெளுத்தே இருந்தால் பறவை இறகு கோதவில்லை என்று பொருள். சுரப்பி அடைத்திருக்கிறதா, கழுத்தைத் திருப்ப வலிக்கிறதா, சோர்வா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

14. ஆணும் பெண்ணும் வாங்கி ஒண்ணா விட்டாச்சு. ஏன் சண்டை போடுது?

நீங்கள் பார்த்த வரன் அதற்குப் பிடிக்கவில்லை. இருவாச்சி துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் பறவை. கட்டாயக் கல்யாணத்தில் ஆண் பெண்ணைக் கொன்றதும் உண்டு. முடிந்தால் மூன்று நான்கு இளம் பறவைகளை ஒரு பெரிய கூண்டில் விட்டு, தாமாக இணையும் ஜோடியைப் பிரித்தெடுங்கள். பருவம் வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும்.

இரண்டே பறவைகள்தான் என்றால் அடுத்தடுத்த கூண்டில், நடுவில் வலை மட்டும் வைத்து இரண்டு மூன்று மாதம் விடுங்கள். வலை வழியாக ஆண் பழத்தை நீட்டி, பெண் வாங்கிக்கொள்ள வேண்டும். இருவரும் வலையோரம் ஒரே கிளையில் உட்கார வேண்டும். சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். மூன்றும் தெரிந்தால் கதவைத் திறக்கலாம். பகலில் மட்டும், ஆள் பார்த்திருக்க, பெண்ணுக்கு நன்கு பழகிய கூண்டில்தான் முதல் சந்திப்பு. பெண் மறைந்துகொள்ள ஒரு தடுப்பும், தனித்தனி இரண்டு தீனித் தட்டும் இருக்கட்டும்.

15. கூடு பெட்டி என்ன அளவுல செய்யணும்?

முட்டையிடும் பெண் உள்ளே போய், ஒரு சிறு வெட்டை மட்டும் விட்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும் என்பதை மனதில் வைத்துச் செய்யுங்கள். உள் அளவு தரையில் 60 க்கு 60 செ.மீ., உயரம் 120 செ.மீ. வாசல் நீள்வெட்டாக, அகலம் 13 முதல் 15, உயரம் 30 முதல் 35 செ.மீ. வாசலின் அடிவிளிம்பு உட்தரையைவிட 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உள்ளே உட்கார்ந்த பெண், ஆண் தருவதை வாங்கவும் எச்சத்தை வெளியே பீச்சவும் வாசலை எட்ட வேண்டுமே. மேலே உயரம் விடுவது வீண் இல்லை, பயந்தால் பெண் மேலேறி ஒளிந்துகொள்ளும். பலகை கனம் 4 செ.மீ.க்குக் குறைந்தால் வெயிலில் அடுப்பாகிவிடும். இரட்டைக் கூரை போட்டு, 3 மீட்டர் உயரத்தில், நிழலில் மாட்டுங்கள்.

அடியில் வடிகால் துளைகள், மேலே 10 செ.மீ. கனத்துக்கு மரச்சீவல். பக்கவாட்டில் பூட்டக்கூடிய 20 செ.மீ. சதுரக் கதவு. கண்ணாடியிழைப் பீப்பாய் வைத்தால் வாசல் ஓரத்தில் மரப்பட்டை அடியுங்கள், வழவழப்பில் பூச்சு பிடிக்காமல் பெயர்ந்து பெயர்ந்து விழும், பெண் சலித்து விட்டுவிடும். அடைக்கப் பெரும்பாலும் தன் எச்சத்தையும் பழச்சக்கையையும்தான் பயன்படுத்தும், ஆனாலும் பக்கத்தில் ஒரு தட்டில் ஈரக் களிமண் வையுங்கள். கேமரா பொருத்துவதானால் கூடு பார்க்கும் காலத்துக்கு மாதங்கள் முன்பே பொருத்திவிட வேண்டும்.

16. உள்ளே போய் அடைச்சுக்கிச்சு. இப்ப நாங்க என்ன செய்யணும்?

வழக்கத்தை மாற்றாமல் இருப்பதுதான் முதல் வேலை. அதே கீப்பர், அதே நேரம், அதே உடை. அருகில் கட்டட வேலை, மரம் வெட்டு எதுவும் வேண்டாம். அடைத்த சில நாட்களில் ஒன்றோ இரண்டோ முட்டை இடும், 38 முதல் 40 நாளில் பொரியும். அதற்குள் பெண் பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடும். ஆண் பழங்களைத் தொண்டைப்பையில் நிரப்பிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து கொடுக்கும். தீனியை ஒன்றரை மடங்காக்கி, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள்.

முட்டையோட்டுத் துண்டு வாசலுக்குக் கீழே விழுந்திருந்தாலோ, ஆண் திடீரென்று பழத்தை விட்டுப் புழுவைத் தேடினாலோ குஞ்சு பொரிந்துவிட்டது. அன்றிலிருந்து உயிர் உணவை மூன்று மடங்காக்குங்கள். குஞ்சு பாதி வளர்ந்ததும் பல பெண்கள் பூச்சை உடைத்து வெளியே வரும். உள்ளே இருக்கும் குஞ்சு தானே வாசலை மறுபடி அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயந்து உடைத்துவிடாதீர்கள். மொத்தம் நான்கு மாதம் பிடிக்கும். ஆண் எத்தனை முறை கொடுத்தது என்று தினமும் எழுதி வையுங்கள், கோளாறு முதலில் அந்தக் குறிப்பேட்டில்தான் தெரியும்.

17. ஆண் செத்துட்டா பெண்ணும் குஞ்சும் உள்ளேயே பட்டினி கிடந்து செத்துடுமாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

பாதி உண்மை. பூச்சைப் போட்டது பெண்தான், உடைக்கவும் அதற்குத் தெரியும். தீனி நின்றால் பெண் வெளியே வந்துவிட முடியும். காட்டில் அதன் பிறகுதான் சிக்கல்: இறகு உதிர்ந்திருந்தால் பறக்க முடியாது, குஞ்சு பிழைப்பது அரிது. கூடு கட்டும் காலத்தில் ஓர் ஆணைச் சுடுவது ஒரு குடும்பத்தையே சுடுவது என்ற அளவில் அந்தச் செய்தி சரி. ஆனால் துணை போன துயரத்தில் உயிரை விடும் என்பது கதை. துணையை இழந்த பறவைகள் வேறு துணையோடு சேர்ந்து குஞ்சு பொரித்திருக்கின்றன.

கூண்டில் ஆண் இறந்தாலோ கொடுப்பதை நிறுத்தினாலோ கீப்பர் நீண்ட குறட்டில் பழத்தை எடுத்து வாசல் வெட்டில் நீட்டலாம். பல பெண்கள் ஒரு நாளுக்குள் வாங்கப் பழகும். 24 மணி நேரம் வாங்கவே இல்லை என்றால் மட்டும் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள்.

18. ரெண்டு குஞ்சு இருந்துச்சு, கேமராவுல இப்ப ஒண்ணுதான் தெரியுது. எங்க போச்சு?

பெரும்பாலும் வயிற்றுக்குள். சிங்கப்பூரில் ஆசியக் கருப்பு வெள்ளை இருவாச்சிகளின் பொந்துகளுக்குள் வைத்த கேமராக்களில், தாய் தன் சிறிய குஞ்சைக் கொன்று தின்பதும் மற்றக் குஞ்சுக்கு ஊட்டுவதும் பதிவாகியிருக்கின்றன. கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கும். பெரிய இருவாச்சியில் கடைசியில் ஒரே குஞ்சு தேறுவதே வழக்கம். அடுத்த முறை செய்யக்கூடியது, பொரிந்த முதல் நாளிலிருந்தே உயிர் உணவு தாராளமாக இருக்கும்படி பார்ப்பது. அடைத்து ஒரு மாதத்துக்குள் பெண்ணே வெளியே வந்துவிட்டால் காரணம் வேறு: பெட்டிச் சூடு, எறும்பு, வெளிச் சத்தம், ஆண் சரியாகக் கொடுக்காதது. 16இல் சொன்ன குறிப்பேட்டை முதலில் புரட்டுங்கள்.

19. குஞ்சை எடுத்து நாமளே கையில வளர்த்தா நல்லாப் பிழைக்குமே?

பிழைக்கும். ஆனால் தன்னை மனிதன் என்று நினைத்துக்கொள்ளும். பருவம் வந்ததும் கீப்பருக்குப் பழம் ஊட்ட வரும், பக்கத்தில் விட்ட பெண்ணைக் குத்தும். அந்தப் பறவை இனப்பெருக்கத்துக்கு உதவுவது கடினம். பெற்றோர் கைவிட்டால் மட்டும் எடுங்கள். அப்போதும் இருவாச்சித் தலை போன்ற பொம்மை உறையைக் கையில் மாட்டி ஊட்டுங்கள். இறகு முளைத்ததும் வேறு இருவாச்சிகள் கண்ணில் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

20. தொப்பியில ஓட்டை மாதிரி புண்ணு. அடிபட்டதா இருக்குமோ?

வலையில் இடித்த கீறல் என்றால் விளிம்பு காய்ந்து, வாரத்துக்கு வாரம் சுருங்கும். விளிம்பு பெருத்து, பொடிந்து, நாற்றம் வந்தால் புற்றுநோயாக இருக்கலாம். பெரிய இருவாச்சியின் தொப்பியில் இது தெரிந்த நோய்தான். உடனே ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவை.

சிங்கப்பூர் ஜூரோங் பறவைப் பூங்காவில் ஜாரி என்ற 22 வயது ஆணுக்கு 2018இல் இப்படி 8 செ.மீ. வெடிப்பு வந்தது. புற்றுள்ள பகுதியை அறுத்தெடுத்து, முப்பரிமாண அச்சில் செய்த செயற்கைத் தொப்பியைத் திருகாணியால் பொருத்தினார்கள். கொஞ்ச நாளில் ஜாரி தன் எண்ணெயைப் பூசி அந்தப் பிளாஸ்டிக்கையும் மஞ்சளாக்கிவிட்டது. 13ஆம் பதிலில் சொன்ன பூச்சு வேலைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

21. இத்தனை கஷ்டத்துக்கு, பொரிச்ச குஞ்சுகளைக் காட்டுல விட்டுடலாமே?

விடலாம், காடு தயாராக இருந்தால். சிங்கப்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காணாமல் போன ஆசியக் கருப்பு வெள்ளை இருவாச்சி, 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. பொந்துள்ள பெரிய மரங்கள் இல்லாததே தடை என்று கண்டு, 2004 முதல் செயற்கைக் கூடுகளை மாட்டினார்கள். பறவைப் பூங்காவும் தேசியப் பூங்காக் கழகமும் இதில் கைகோத்தன. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புப் பால்கனியிலேயே வந்து உட்காருகிறது. ஆனால் அது அனுசரித்துப் போகும் சிறிய இனம்.

பெரிய இருவாச்சிக்கு அடர்காடும், பல பத்து ஆண்டுகள் வளர்ந்த பொந்து மரங்களும், ஆண்டு முழுவதும் அத்தியும் வேண்டும். ஆனைமலை, கேரளத்தின் வாழச்சால் போன்ற இடங்களில் அது இன்னும் இருக்கிறது. அங்கே கூண்டுப் பறவையைக் கொண்டுபோய் விட்டால் நோயைக் கொண்டுபோகும் ஆபத்துதான் அதிகம். வாழச்சாலில் காடர் பழங்குடி மக்கள் கூடுள்ள மரங்களைக் காவல் காப்பதும், தாய்லாந்தில் வாசல் இற்றுப்போன பொந்துகளை ஆட்கள் ஏறிச் செப்பனிடுவதும் அதைவிடக் குறைந்த செலவில் அதிகக் குஞ்சுகளைத் தருகின்றன. பூங்காவின் கூடு பெட்டிக் கேமராவில் கற்ற அளவுகள் அந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தாலே பாதி நியாயம் கிடைத்துவிடும்.